நோட்டில் தமிழ் மேலே வந்த கதை: மூன்று தடவை மீளமைத்தாயிற்று, இனி என்ன செய்ய?

ரோஸ்ஹில்_பேரன்
எல்லோருக்கும் வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் மொரீசியஸ் ரூபாய் பற்றிய கட்டுரையில் ஒருவரோடு நாலு நாளாக இழுபறி. 1998 நவம்பரில் வந்த புது நோட்டுகளில் இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் அச்சடித்து, இங்கே தமிழர்கள் கொதித்துப்போய், கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999 ஜூனில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் வேறு நோட்டு விட்டார்களே, அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சான்றாக அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைச் செய்தி ஒன்றையும் கொடுத்தேன். முடிவில் "தமிழர்களே இத்தீவுக்கு முதலில் வந்ததால் தமிழ் இரண்டாம் இடத்தில் உள்ளது" என்று ஒரு வரி.

சென்னையிலிருந்து எழுதும் ஒருவர் பத்தியை அப்படியே தூக்கிவிட்டார். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் "மொழிவெறி. சான்றில்லை." அவ்வளவுதான். மீளமைத்தேன், அதாவது பழையபடி போட்டேன், மறுபடி தூக்கினார். நேற்று மட்டும் மூன்று தடவை. பர்ஸில் இருந்த நூறு ரூபாய் நோட்டைப் படமெடுத்துக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் போட்டேன், எங்கள் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன் படத்தோடு தமிழ் இந்திக்கு மேலே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கும் அசையவில்லை. நிருவாகியிடம் சொல்லி ஆளைத் தடை செய்ய முடியுமா?

பழைய_தொகுப்பாளர்
தம்பி, நிருவாகி வந்தால் முதலில் யார் எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத்தான் திறப்பார், அதில் உங்கள் பெயரும் அவர் பெயரும் மாறி மாறி நிற்கும். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம், நியாயம் யார் பக்கம் என்பது அங்கே அனேகமாக எடுபடாது. அதனால் இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பத்தி இரண்டு நாள் இல்லாமல் போனால் நோட்டில் தமிழ் அழிந்துவிடாது.

அப்புறம் அந்தப் படம். நோட்டு வரிசையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது.

மோக்கா_டீச்சர்
அண்ணா சொன்னது சரி, சிக்கல் உங்கள் கடைசி வரியில்தான். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிக் கைவினைஞர்களை இங்கே கொண்டுவந்தார்கள், ஒப்பந்தக் கூலிகள் பெரிய அளவில் வரத் தொடங்கியது 1834இல்தான். நோட்டில் தமிழ் இரண்டாவது என்பதும் உண்மை. ஆனால் இதனால்தான் அது என்று முடிச்சுப் போட்டது நீங்கள், பத்திரிகை இல்லை. இரண்டு சான்றுகளைச் சேர்த்து எந்தச் சான்றிலும் இல்லாத மூன்றாவது ஒன்றைச் சொல்ல விக்கியில் இடமில்லை.

அவரும் ஒரு வரிக்காக முழுப் பத்தியையும் தூக்கியது தப்பு. ஒருவேளை பிரெஞ்சு படிக்கத் தெரியாததால் "சான்றில்லை" என்று எழுதியிருப்பார். சான்று தமிழில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அந்தச் செய்தியில் தேவையான மூன்று நான்கு வரிகளைத் தமிழாக்கிப் பேச்சுப் பக்கத்தில் போடுங்கள்.

ரோஸ்ஹில்_பேரன்
டீச்சர், அப்படியானால் நாங்கள் முதலில் வந்தோம் என்பதை நாங்களே "என்று வாதிட்டனர்" என எழுத வேண்டுமா? தாத்தா அந்த நாட்களைப் பற்றி எங்கள் ஊர் விசேஷங்களில் போடும் ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்லாத வருடமே கிடையாது.

மோக்கா_டீச்சர்
ஒப்பந்தக் கூலிகளுக்கு முன்பே தமிழர்கள் வந்தது வரலாறு, அதைப் புத்தகச் சான்றோடு நேராகவே எழுதுங்கள். அதனால் தமிழ் மேலே வர வேண்டும் என்பதுதான் வாதம். யார் சொன்னார்கள் என்பதோடு போட்டால் ஒருவரும் தொட முடியாது. தாத்தா சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விக்கியில் வேண்டாம்.

டர்பன்_கவுண்டர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆங்கில விக்கியில் இரண்டே பேர் முட்டிக்கொண்டால் மூன்றாம் ஆள் கருத்துக் கேட்க ஒரு பக்கம் உண்டு, அதிலும் தீராவிட்டால் எல்லோரிடமும் கருத்துக் கேட்கலாம், வழக்கமாக அது 30 நாள் ஓடும். நடுவர் குழுவோ ஆட்களின் நடத்தையை மட்டும்தான் விசாரிக்கும், எந்த வரி சரி என்று தீர்ப்புச் சொல்லாது. தமிழ் விக்கியில் நேராக எல்லோரும் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்துக்குப் போய்விடலாம். போகும்போது "இவர் தமிழ் விரோதி" என்று தொடங்காமல் "இந்த வரி இருக்கலாமா" என்று மட்டும் கேளுங்கள். நான் முதல் வகையில் தொடங்கி ஒரு மாதம் வீணடித்தவன்.

ரோஸ்ஹில்_பேரன்
போட்டுவிட்டேன். பத்தியை நாலு வரியாகப் பிரித்து, எண் போட்டு, எந்த வரியில் ஆட்சேபம் என்று கேட்டேன், பிரெஞ்சு வரிகளின் தமிழாக்கமும் கீழே இருக்கிறது. காலையில் அந்தச் சென்னைக்காரரிடமிருந்து பதில் வந்தது: முதல் மூன்றும் இருக்கட்டும், நாலாவதில் "தமிழ் அமைப்பினர் வாதிட்டனர்" என்று வந்தால் சம்மதமாம், "மொழிவெறி" என்றதற்கு வருத்தமும் சொல்லியிருக்கிறார்.

இப்போது புதுச் சண்டை, நாட்டின் பெயர் மொரீசியஸா, மொரிசியசா, மொரிசியசுவா என்று. ரெங்கநாதன் சீனிவாசனின் பெயரை நோட்டில் இருக்கும் ரோமன் எழுத்துப்படி சீனிவாசென் என்று எழுத வேண்டும் என்று வேறு ஒருவர் வந்திருக்கிறார்.