புதுப்பிப்பு: டாக்கர் குழு வழியாக ரூட் அதிகாரம், தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது இது: எங்கள் பில்ட் சர்வரில் ஜென்கின்ஸ் (பில்ட்களைத் தானாக ஓட்டும் கருவி) பயனர், டாக்கரை (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்த சூழலில் ஓட்டும் கருவி) இயக்க அனுமதி தரும் டாக்கர் குழுவில் இருந்தது. அதனால் பைப்லைன் (பில்ட் படிகளின் ஸ்கிரிப்ட்) எழுத முடிந்த யாரும் சர்வரின் முழு ஃபைல் சிஸ்டத்தையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகிவிடலாம். ரூட் அதிகாரம் தரும் சூடோ கமாண்ட்கூடத் தேவையில்லை.

ரூட்லெஸ் டாக்கருக்கு (ரூட் இல்லாமல் சாதாரணப் பயனராக இயங்கும் டாக்கர்) மாறச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. யூஐடிமேப் பேக்கேஜை நிறுவி, அந்தப் பயனருக்கு, கன்டெய்னருக்குள் பயன்படுத்த 65,536 துணை ஐடிகள் ஒதுக்கினோம். லிங்கரையும் (லாக்-அவுட் ஆன பிறகும் பயனரின் சேவைகளை ஓடவிடும் அமைப்பு) இயக்கினோம்; இல்லாவிட்டால் செஷன் முடிந்ததும் பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன் நின்றுவிடும். அப்புறம் டாக்கர் ஹோஸ்ட் மாறியைப் புது சாக்கெட்டுக்குத் (டீமனோடு பேசும் வழி) திருப்பினோம். 1024க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்க வழக்கமாக ரூட் தேவை என்பதால், 80ஆம் போர்ட்டைக் கேட்ட பில்ட் மட்டும் உடைந்தது. 1024க்கு மேலே மாற்றியதும் சரியானது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. ஜென்கின்ஸ் பயனரை டாக்கர் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் பில்ட்களுக்குப் பழைய சாக்கெட் திறந்தது! பயனர் பெயரோடு ஐடி கமாண்ட் கொடுத்தால் அந்தக் குழு இல்லை என்றே காட்டும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தொடங்கும்போது பெற்ற குழுக்களையே வைத்திருக்கும். ஜென்கின்ஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் அடைபட்டது. தயவுசெய்து இதை ஒரு பில்டுக்குள்ளிருந்தே சோதியுங்கள்.

ரூட்லெஸ் ஆனாலும் ஜென்கின்ஸ் பயனரின் சொந்த ஃபைல்களைக் கன்டெய்னரால் படிக்க முடியும். ரகசியச் சாவிகள் அங்கே இருந்தால் பில்ட்களைத் தனி ஏஜென்ட் மெஷினில் ஓட்டுங்கள்.