வங்கதேசம்: ஆயத்த ஆடை தூக்கிவிட்ட பொருளாதாரம் இப்போது எங்கே முட்டுகிறது?

மதி_பொருளியல் (கேள்வி)

வளரும் நாடுகளின் வளர்ச்சிக்கு எவை உந்துதல், எவை தடை என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். வங்கதேசத்தை எடுத்துக்கொண்டேன். பாடநூல்கள் எல்லாம் "குறைந்த கூலி, அதனால் ஆடை ஏற்றுமதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதே அளவு கூலி குறைவாக இருந்த நாடுகள் வேறு பல உண்டு. அங்கெல்லாம் 40 லட்சம் பேர் வேலை செய்யும் தொழில் எழவில்லையே? கூலியைத் தாண்டி இயங்கியது எது? இன்றும் மொத்த ஏற்றுமதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆடைதான் என்றால், அடுத்த தொழிலுக்குத் தாவ முடியாமல் தடுப்பது எது? தொழிலின் உள்விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏற்றுமதிக்_கடன்

கூலி குறைவாக இருந்தது உண்மை. ஆனால் கூலி மட்டும் ஒரு தொழிற்சாலையை நடத்தாது. கையில் காசில்லாத முதலாளி துணி வாங்க வழி வேண்டும். அந்த வழி எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள்.

1978இல் வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1979இல் 130 பேர் புசானுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். தேவூவுக்கு இதில் என்ன ஆதாயம்? பணக்கார நாடுகள் 1974 முதல் கொரிய ஆடைக்குக் கோட்டா, அதாவது இறக்குமதி அளவு வரம்பு, விதித்திருந்தன. வங்கதேசத்துக்கு அப்போது கோட்டா இல்லை. பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் வெளியேறிச் சொந்த ஆலை தொடங்கினார்கள், அல்லது புது ஆலைகளை நடத்தினார்கள். தொழில் ஊர் முழுக்கப் பரவியது அப்படித்தான்.

கூடவே இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று பேக்-டு-பேக் எல்.சி. (எல்.சி. என்றால் சரக்கு ஏறியதும் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்). வெளிநாட்டு பையர் திறக்கும் மாஸ்டர் எல்.சி.யைப் பிணையாக வைத்து, துணி விற்பவருக்கு உள்ளூர் வங்கி இன்னொரு எல்.சி. திறக்கும். இரண்டாவது, பாண்டட் கிடங்கு. ஏற்றுமதிக்கான துணியை இறக்குமதி வரி கட்டாமல் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணில் பார்த்தால் இதன் பலம் புரியும். 1,00,000 டி-ஷர்ட், ஒன்று 3 டாலர் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் எல்.சி. 3,00,000 டாலர். அதில் 75 விழுக்காடு வரை, அதாவது 2,25,000 டாலருக்கு, துணி, பொத்தான், லேபிள் எல்லாம் கடனில் வரும். தவணை பெரும்பாலும் 90 முதல் 180 நாள். அதற்குள் தைத்து ஏற்றிவிட்டால், பையரின் பணம் வந்ததும் வங்கி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். கூலிக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் முதலாளி புரட்டினால் போதும்.

எங்கே கவிழும்? ஷிப்மென்ட் தாமதமானால் பையர் டிஸ்கவுன்ட் கேட்பார், அல்லது விமானத்தில் அனுப்பும் ஏர் ஃப்ரெய்ட் செலவை ஆலையின் தலையில் கட்டுவார். ஆர்டர் ரத்தானாலும் துணி எல்.சி.க்குத் தவணை வந்துவிடும். வங்கி பணம் கட்டியே ஆக வேண்டும். அந்தத் தொகையை ஆலையின் பேரில் 'ஃபோர்ஸ்டு லோன்' என்று எழுதிக்கொள்ளும். 2020 மார்ச், ஏப்ரலில் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தோ நிறுத்தமோ ஆனபோது பல ஆலைகள் இப்படித்தான் கடனாளியாயின. இப்போது நிறைய பையர்கள் எல்.சி.யே திறப்பதில்லை, வெறும் சேல்ஸ் கான்ட்ராக்ட் போடுகிறார்கள். ரிஸ்க் முழுவதும் ஆலைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

வயலும்_விலையும்

மேலே சொன்னது சரி. ஆனால் ஆலைக்கு முன்னால் வயல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த நாட்டின் வளர்ச்சியை எழுதவே கூடாது.

1970களின் தொடக்கத்தில் அரிசி விளைச்சல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி டன். இன்று 3.5 கோடி டன்னுக்கு மேல். காரணம் 'போரோ' எனும் வறண்ட பருவ நெல், அதற்கான ஆழமில்லாத குழாய்க் கிணறுகள். 1980களின் இறுதியில் அரசு சிறிய டீசல் இன்ஜின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மலிவான சீன இன்ஜின்கள் கிராமம் கிராமமாக இறங்கின. ஒரு விவசாயி பம்பு வாங்கினால் பக்கத்து வயல்காரர்களுக்கும் தண்ணீர் விற்பார். அரிசி விலை கட்டுக்குள் இருந்ததால்தான் அந்தக் கூலியில் ஆடை ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் நகரத்தில் பிழைக்க முடிந்தது. வீடு வீடாகப் போன குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள், 1990களில் வந்த மாணவியர் உதவித்தொகை, வளைகுடாவிலிருந்து வரும் பணம் ஆகியவற்றையும் சேருங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. வடமேற்கே பாரிந்த் மேட்டில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. தெற்கில் உப்பு ஏறுகிறது. கோடிக்கணக்கானோர் குடித்த குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் இருந்தது 1990களில்தான் வெளியே தெரிந்தது.

மதி_பொருளியல்

நன்றி. ஒரு சந்தேகம். கூலி ஏறினால் தொழில் வியட்நாமுக்கோ எத்தியோப்பியாவுக்கோ போய்விடும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

லைன்_மாஸ்டர்

கூலியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு உருப்படிக்கு என்ன கூலி விழுகிறது என்று பாருங்கள்.

சாதாரண டி-ஷர்ட் தைக்க 6 நிமிடம் என்று வைப்போம். தோள் மூட்டு, கழுத்து ரிப், கை, பக்கவாட்டு எல்லாம் ஓவர்லாக் தையல் இயந்திரத்தில். கீழ் மடிப்பு ஃப்ளாட்லாக் இயந்திரத்தில். 30 பேர் கொண்ட லைன் 10 மணி நேரம் ஓடினால் 18,000 நிமிடம். முழுத் திறனில் 3,000 உருப்படி வர வேண்டும். 1,500 வந்தால் திறன் 50 விழுக்காடு. லைனின் ஒரு நாள் சம்பளம் 18,000 டாக்கா (வங்கதேச நாணயம்) என்றால் உருப்படிக்கு 12 டாக்கா. அதே லைன் 65 விழுக்காட்டுக்கு ஏறினால் 1,950 உருப்படி. இப்போது சம்பளத்தை 30 விழுக்காடு கூட்டி 23,400 கொடுங்கள். உருப்படிக்கு அதே 12 டாக்காதான். "கூலி கூட்டினால் தொழில் ஓடிவிடும்" என்று சொல்லும் முதலாளி தன் லைன் எத்தனை விழுக்காட்டில் ஓடுகிறது என்பதை முதலில் சொல்லட்டும்.

திறன் எதனால் விழுகிறது? புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் கை பழகியிருக்காது, உற்பத்தி பாதியாகும். ஆர்டர் சின்னதாக இருந்தால் பழகுவதற்குள் ஸ்டைல் மாறிவிடும். கழுத்து ரிப் வைப்பவர் மெதுவானால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் கைகட்டி உட்கார வேண்டும். இவை ஆலைக்குள் சரிசெய்யக்கூடியவை.

சரிசெய்ய முடியாதது எரிவாயு. உள்நாட்டு எரிவாயு குறைந்து, 2018 முதல் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) இறக்குமதி. 2022இல் விலை எகிறியபோது அன்றன்றைய சந்தை விலையில் வாங்கும் ஸ்பாட் கொள்முதலையே சில மாதம் நிறுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் தொழிற்சாலைக் கட்டணம் கன மீட்டருக்கு 30 டாக்கா ஆனது. அதற்கு முன் பெரிய ஆலைகள் 12 டாக்கா அளவில்தான் கட்டின. விலையைக் கூடத் தாங்கலாம், அழுத்தம் விழுவதைத் தாங்க முடியாது. சாய வேலையின் நடுவில் பாய்லர் தளர்ந்து நீராவி குறைந்தால் சூடு நிலைக்காது, நிறத்தின் ஷேடு மாறும். அந்தத் துணியை மறுசாயம் போட வேண்டும். நீர், ரசாயனம், நேரம் எல்லாம் இரட்டிப்பு. இரண்டு நாள் போனால் சிட்டகாங் துறைமுகத்தில் ஃபீடர் எனும் சிறிய கப்பல் போய்விடும். அங்கே ஆழம் 10 மீட்டர் அளவுதான். பெரிய தாய்க் கப்பல் வராது. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ போய்த்தான் மாற்ற வேண்டும்.

இந்த நாள் கணக்குக்கு மனித விலை உண்டு என்பதையும் எழுதுங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று ஆடை ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த் தளத்தில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தளங்களுக்கு மட்டும் ஆட்களை வரச் சொன்னார்கள். அதன் பிறகு பையர்களும் தொழிற்சங்கங்களும் போட்ட 'அக்கார்டு' பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஆய்வில் தூண்களுக்கு வலு, தீத்தடுப்புக் கதவு, ஸ்பிரிங்க்ளர் என்று ஆலைகள் செலவழித்தன. அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பையர்கள் உருப்படி விலையைக் கூட்டவில்லை. இது அநியாயம்.

சாவர்_குறிப்பு

ஏன் அடுத்த தொழில் எழவில்லை என்ற கேள்விக்கு யாரும் வரவில்லையே. தோலை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் உள்நாட்டிலேயே இருக்கிறது, பக்ரீத்தில் மட்டும் ஆண்டுக் கொள்முதலில் பெரும்பகுதி வந்துவிடும். எல்லா வகையிலும் ஆடையைவிட வசதியான தொழில்.

டாக்காவுக்குள் ஹசாரிபாக்கில் இருந்த தோல் பதனிடும் ஆலைகளை 2017இல் நகருக்கு வெளியே சாவருக்கு மாற்றினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 25,000 கன மீட்டர். பக்ரீத்துக்குப் பிந்தைய வாரங்களில் கழிவு அதைத் தாண்டும். தோல் பதனிடும் ரசாயனமான குரோம் கலந்த நீரையும் மற்ற நீரையும் ஆலையிலேயே தனித்தனிக் குழாயில் பிரித்து விட வேண்டும். பல இடங்களில் கலந்தே வந்தது. உப்பை நீக்க நிலையத்தில் வழியே இல்லை. விளைவு, பெரும்பாலான ஆலைகளுக்கு எல்.டபிள்யூ.ஜி. (லெதர் வொர்க்கிங் குரூப்) சுற்றுச்சூழல் சான்று கிடைக்கவில்லை. சான்று இல்லாத தோலைப் பெரிய ஐரோப்பிய பிராண்டுகள் தொடாது. அது சீன வியாபாரிகளுக்குக் குறைந்த விலையில் போகிறது. செருப்பு ஆலைகள் சான்றுள்ள தோலை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன! ஒரு குழாய் வேலை சரியில்லாததால் ஒரு நாட்டின் இரண்டாவது ஏற்றுமதித் தொழில் நிற்கிறது.

இன்னொன்று வரி. பிளாஸ்டிக், செருப்பு, மின்சாதனம் செய்பவருக்கு உள்நாட்டுச் சந்தையில் சுங்க வரியும் துணை வரியும் பெரிய அரண். வெளியே போட்டியிட்டு 5 விழுக்காடு லாபம் தேடுவதைவிட உள்ளே விற்பது லாபம். பாண்டட் வசதியும் முழு ஏற்றுமதி ஆலைகளுக்கே எளிதில் கிடைக்கும். பாதி உள்ளே, பாதி வெளியே விற்பவர் பெரும்பாலும் வரி கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்டு அலைய வேண்டும். தளர்த்தத் தயங்குவதற்கும் காரணம் உண்டு: வரியின்றி வந்த பாண்டட் துணி டாக்கா இஸ்லாம்பூர் சந்தையில் விற்பனைக்கு வருவது ஊரறிந்த விஷயம்.

அந்த வரிகளைக் குறைக்கவும் அரசால் முடிவதில்லை. மொத்த வரி வருவாயே ஜி.டி.பி.யில் 8 விழுக்காடு அளவுதான். சுங்கத்தையும் விட்டால் கை இன்னும் சுருங்கும்.

ஏற்றுமதிக்_கடன்

சாவர் சொன்னதோடு வங்கியையும் சேர்க்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் 2023 ஜூன் வரை கடன் வட்டிக்கு 9 விழுக்காடு உச்சவரம்பு. பெரிய, செல்வாக்குள்ள வாடிக்கையாளருக்கே கடன் போனது. புதிய சிறு தொழிலுக்கு அந்த வட்டியில் கொடுக்க வங்கிகள் தயங்கின. 2024 இறுதியில் வாராக்கடன் மொத்தக் கடனில் 20 விழுக்காட்டைத் தாண்டியதாக வெளியானது.

கடைசியாகப் பட்டியல் விஷயம். குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. பொதுச்சபை 2021இல் குறித்த நாள் 2026 நவம்பர் 24. அந்தப் பட்டியல் நாடுகளுக்குத் தரும் வரியில்லாச் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் அதன்பின் மூன்று ஆண்டு தொடரும். அது முடிந்தால் ஆடைக்கு 12 விழுக்காடு வரை வரி, சாதாரண ஜி.எஸ்.பி. (வளரும் நாடுகளுக்கான வரிக்குறைப்பு) கிடைத்தால் 9.6. ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைத்தால் வரி இல்லை, ஆனால் விதி மாறும். 2011 முதல் துணியை இறக்குமதி செய்து தைத்தாலே போதும் என்று இருந்தது. அப்போது நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை என இரண்டு கட்டமும் உள்ளே நடக்க வேண்டும்.

பின்னலாடைக்காரர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. நூற்பு, நிட்டிங், சாயம் எல்லாம் நாராயண்கஞ்ச், காசிப்பூர் பக்கமே இருக்கிறது. பேன்ட், சட்டை தைப்பவர்கள் சீனத் துணியை நம்பியவர்கள். அவர்களுக்கு நெசவாலை வேண்டும். நெசவு, பிராசஸிங் ஆலைக்கு முதலீடு தையல் ஆலையைப் போலப் பல மடங்கு, கூடவே நாள் முழுக்க எரிவாயு. பேக்-டு-பேக் எல்.சி. 180 நாள் துணிக் கடனுக்குத்தான் உதவும், பத்து ஆண்டுக் கடனுக்கு உதவாது. அதைக் கொடுக்க வேண்டிய வங்கிகளின் நிலையைத்தான் மேலே சொன்னேன்.

கட்டுரைக்கு ஒரு யோசனை: பின்னலாடை, நெய்த ஆடை இரண்டையும் தனித்தனியாக வைத்து 2005 முதல் ஐரோப்பிய ஏற்றுமதியை வரைந்து பாருங்கள். 2011க்குப் பிறகு நெய்த ஆடைக் கோடு எப்படிப் போகிறது என்பதைத் தனியாக ஆராயுங்கள். ஒப்பீட்டுக்குத் திருப்பூரை எடுக்கலாம். இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானதால் பிரிட்டன் சந்தையில் வங்கதேசத்துக்கு இருந்த பூஜ்ய வரிச் சலுகை திருப்பூருக்கும் திறக்கிறது.