கீட்டோ: சனிக்கிழமை கோட்டோபாக்ஸி டூர், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? அவசரம்

மதுரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஈக்வடார் தலைநகர் கீட்டோவுக்குப் புதுசா வந்திருக்கோம், அவருக்கு இங்க ப்ராஜெக்ட். சனிக்கிழமை காலைல 6 மணிக்கு கோட்டோபாக்ஸி எரிமலை டூர் புக் பண்ணிட்டோம். வேன்ல கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கொண்டாந்து விட்ருவாங்களாம். ஸ்வெட்டர் போதுமா, ஜெர்கின் வாங்கணுமா? அவருக்கு நேத்துலேர்ந்து தலைவலி, சாப்பிட்டது வயித்துல நிக்க மாட்டேங்குது. கேன்சல் பண்ணா பணம் வராதுன்னு டூர்காரங்க சொல்லிட்டாங்க. யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

லிமா லோகு:
சிஸ்டர், ஜெர்கின் கிடக்கட்டும். முதல்ல சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்க. உங்க வீட்டுக்காரருக்கு அங்கத்திய சாப்பாடு ஒத்துக்கல, அவ்வளவுதான். நான் பெரு வந்த புதுசுல துவரம்பருப்புக்கு அலையாத கடை இல்ல. கடைசில இங்க கிடைக்கிற மைசூர் பருப்புலயே சாம்பார் வச்சுப் பழகினேன். ஊர்லேர்ந்து யார் வந்தாலும் பெருங்காயம் சொல்லிவிடுங்க. அப்புறம், டூர்னா குஸ்கோ பக்கம் வாங்க. ரெயின்போ மலை 5000 மீட்டருக்கு மேல. உயரம் தாங்க இங்க குடிக்கிற கோக்கா இலை டீ குடிச்சுட்டு நடந்தேன், ஒண்ணும் ஆகல.

போகோட்டா பாலா:
லோகு அண்ணே, அவங்க இருக்கிறது கீட்டோ, நீங்க பெருவுல இருக்கிற குஸ்கோவுக்குக் கூப்பிடுறீங்க. மேடம், தைரியமா போய்ட்டு வாங்க. நான் போகோட்டாவுல இறங்கின மறுநாளே மொன்செராத்தே மலை ஏறினேன். அது 3152 மீட்டர். லேசா தலைவலி, ஒரு பாராசிட்டமால், முடிஞ்சது. பயந்தா இந்தக் கண்டத்துல ஒண்ணும் பார்க்க முடியாது. கோக்கா டீயை மட்டும் நம்பாதீங்க. கோகெய்ன் எடுக்கிற இலைதான் அது, குடிச்சுட்டு ஆபீஸ்ல போதை மருந்து டெஸ்ட் எடுத்தா மாட்டுவீங்க.

லிமா லோகு:
டீ குடிச்சு மாட்டினவன் எவனையும் நான் பார்த்ததில்ல தம்பி.

வடக்கு கீட்டோ வாணி:
நானும் கீட்டோதான். டூர்காரங்களைப் பத்திப் பேசாதீங்க, வயிறு எரியுது. எரிமலை காட்டுறேன்னு எங்களைக் கூட்டிட்டுப் போய் மேகத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினாங்க. கைடு பேசினது முழுக்க ஸ்பானிஷ், விளம்பரத்துல இங்கிலீஷ்னு போட்டிருந்தாங்க. இதுல வீட்டு ஓனர் வேற ரெண்டு மாச அட்வான்ஸ், உள்ளூர்க்காரர் ஜாமீன்னு உயிரை வாங்கினார். இந்த ஊர்ல யாரைத் தெரியும்னு ஜாமீனுக்கு ஆள் பிடிக்கிறது?

போகோட்டா பாலா:
ஜாமீன் கதை இங்கயும் அதேதான். எனக்கு ஆபீஸ் லெட்டர் குடுத்த பிறகுதான் சாவி வந்தது.

வடக்கு கீட்டோ வாணி:
லெட்டரா? எங்க ஆபீஸ்ல கேட்டா மெயில் போடுங்கன்னாங்க. போட்ட மெயில் இன்னும் போய்க்கிட்டே இருக்கு. 20 டாலர் நோட்டை நீட்டினா சில்லறை இல்லன்னு பெட்டிக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கிறார், அது இன்னொரு கொடுமை.

லிமா லோகு:
எங்க ஊர்ல டிராஃபிக்கைப் பார்த்தா இதெல்லாம் ஒரு குறையான்னு சொல்லுவீங்க.

கீட்டோ பழசு:
கொஞ்சம் நிறுத்துங்கப்பா, அந்தப் பொண்ணு பதறிக்கிட்டு இருக்கு. மதுரைக்காரி, ஸ்வெட்டரைப் பத்திக் கேக்குறீங்க, கேக்க வேண்டியதைச் சொல்லலையே. ஊருக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு? டூருக்கு யார் யார் போறீங்க? யாருக்காவது வியாதி, மாத்திரை உண்டா?

மதுரைக்காரி:
செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தோம் அண்ணா. நாங்க ரெண்டு பேர், பையனுக்கு மூணு வயசு, அத்தையும் கூட வந்திருக்காங்க. அத்தைக்கு பிரஷர் மாத்திரை ஓடுது. அவங்களுக்குத்தான் எரிமலை பார்க்கணும்னு ரொம்ப ஆசை.

கீட்டோ பழசு:
அப்ப இந்தச் சனிக்கிழமை கோட்டோபாக்ஸி வேண்டாம்மா. பணம் போனாலும் பரவாயில்ல.

ஊட்டி தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். கீட்டோ 2850. ராத்திரி நீங்க படுத்துத் தூங்குறதே தொட்டபெட்டாவுக்கு மேலதான். உங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது அநேகமா இங்க சொரோச்சேன்னு சொல்ற உயர நோய், உசரத்துல காத்து மெலிசா இருக்கிறதால வர்றது. சாப்பாட்டாலயும் இருக்கலாம், அதை டாக்டர் சொல்லட்டும். ஆனா தலைவலியும் வாந்தியும் இருக்கறப்ப இன்னும் மேல ஏறவே கூடாது. அந்த டூர் வேன் கார் பார்க்கிங்ல கொண்டு போய் நிறுத்துதே, அதுவே 4600 மீட்டர். அங்கேர்ந்து 4864 மீட்டர்ல இருக்கிற, மலையேறுறவங்க தங்குற ரெஃப்யூஜியோ குடிலுக்கு எரிமலை மணல்ல நடக்கணும். கால் வைக்க வைக்கப் பாதி பின்னால சறுக்கும். திடகாத்திரமான ஆளே நின்னு நின்னு மூச்சு வாங்குவான். மூணு வயசுப் பையனுக்குத் தலை வலிச்சா சொல்லத் தெரியாது, அழுவான், நீங்க குளிர்னு நினைப்பீங்க.

பாலா தம்பி போனது 3152. அதையும் 4600-ஐயும் ஒண்ணாப் பேசக்கூடாது. ஒருத்தருக்கு ஒண்ணும் ஆகலங்கிறது அடுத்தவங்களுக்கு உத்தரவாதம் இல்ல.

இப்ப செய்ய வேண்டியது: அவர் ரெண்டு நாள் ஓய்வெடுக்கட்டும். தண்ணி, கஞ்சி கொஞ்சம் கொஞ்சமா. மது வேண்டாம். உயர நோய்க்குன்னு மாத்திரை இருக்கு, டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லிடுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ யோசிக்காம 911-க்கு அடிங்க. அத்தை பிரஷரையும் இங்க ஒருமுறை பார்த்துடுங்க, உயரத்துல ஏற வாய்ப்பு உண்டு.

மதுரைக்காரி:
ஐயோ, இதெல்லாம் டூர்காரங்க ஒரு வார்த்தை சொல்லல அண்ணா. அப்ப அவருக்குச் சரியானா வீட்டுலயேதான் உக்காந்திருக்கணுமா?

கீட்டோ பழசு:
அவர் தேறிட்டா மேல போகாம கீழ போங்க. மிண்டோ 1250 மீட்டர்தான், வேன்ல ரெண்டு மணி நேரம். காட்டுக்குள்ள தேன்சிட்டு மாதிரி சின்னப் பறவைங்க, தீனி வச்ச இடத்துல காதை உரசிக்கிட்டுப் பறக்கும், அந்த ரீங்காரத்துக்கே பையன் சிரிப்பான். பட்டாம்பூச்சிப் பண்ணையில பழத்துண்டை விரல்ல வச்சா வந்து உக்காரும். கோகோ கொட்டையை வறுத்து உடைச்சு சாக்லேட் ஆக்குறதையும் காட்டுவாங்க. ரோடு ஒரே வளைவு, புளிப்பு மிட்டாய் கைல இருக்கட்டும்.

அதே வழியிலதான் மித்தாத் தெல் முந்தோ, பூமத்திய ரேகை நினைவுச்சின்னம். கோடு உண்மைல அங்கேர்ந்து ஒரு 240 மீட்டர் தள்ளிப் போகுது, போட்டோவுக்கு அது முக்கியமில்ல. பக்கத்துல புலுலாவான்னு ஒரு எரிமலைப் பள்ளம். உள்ளுக்குள்ள சமதரையா வயல், வீடு, விவசாயம். அத்தைக்கு மேலேர்ந்து காட்டுங்க. எரிமலை பார்த்த மாதிரியும் ஆச்சு, ஏறாத மாதிரியும் ஆச்சு.

வடக்கு கீட்டோ வாணி:
புலுலாவாவுக்குக் காலைலயே போய்டுங்க. மத்தியானம் ஆனா பள்ளம் முழுக்க மேகம்தான் நிக்கும்.

மதுரைக்காரி:
டூர்காரங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். பணம் திருப்ப மாட்டாங்களாம், தேதியை மாத்தித் தர்றாங்களாம். எத்தனை நாள் கழிச்சுப் போடட்டும்?

கீட்டோ பழசு:
ரெண்டு வாரமாவது தள்ளுங்க. அதுவும் அவருக்கு முழுசாச் சரியாகி, டாக்டரும் சரின்னா. நடுவுல டெலிஃபெரிகோ கேபிள் கார்ல ஏறிப் பாருங்க, மேல கிட்டத்தட்ட 4000 மீட்டர். உடம்பு என்ன சொல்லுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும், முடியலன்னா அடுத்த பெட்டியில இறங்கிடலாம். கோட்டோபாக்ஸியில அத்தையும் பையனும் லிம்பியோபுங்கோ ஏரி வரைக்கும் போதும். அதுவே 3800 மீட்டர், ஆனா சமதரைப் பாதை. ரெஃப்யூஜியோ நீங்க ரெண்டு பேர் மட்டும். 2015-லயும் 2022 கடைசியிலயும் இந்த எரிமலை சாம்பல் கக்கியிருக்கு, அதனால கிளம்பறதுக்கு முந்தின நாள் பூங்கா திறந்திருக்கான்னு டூர்காரரைக் கேளுங்க.

போகோட்டா பாலா:
எரிமலைப் பள்ளத்துக்குள்ள இருக்கிற கிலோட்டோவா ஏரின்னு இன்னொரு டூரைத் தலைல கட்டப் பார்ப்பாங்க மேடம். விளிம்பே 3900 மீட்டர். தண்ணி வரைக்கும் ஜாலியா இறங்கிடலாம், திரும்பி ஏறறப்பதான் கோவேறு கழுதைக்காரர் ஞாபகம் வரும். அத்தையை இறக்கிடாதீங்க.

வடக்கு கீட்டோ வாணி:
ஞாயித்துக்கிழமை ஊருக்குள்ளயே சிக்லோபசேயோன்னு ரோட்டை சைக்கிளுக்கு விட்டுடுவாங்க. பையனை லா கரோலினா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க. வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். குளிருதேன்னு விட்டுட்டா சாயங்காலம் மூக்குத் தோல் உரியும். மிண்டோவுக்கு கொசு மருந்தும் 1 டாலர் காசு ஒரு கைப்பிடியும் வச்சுக்கோங்க, நோட்டுக்கு எவரும் சில்லறை தர மாட்டாங்க.