பழைய ஸ்விஃப்ட்டை டிராக்குக்குத் தயார் செய்ய முதலில் எதை மாற்றலாம்?

கேள்வி:
என்னிடம் பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக் அண்ணன். கையில் அளவான பணம்தான். எதில் தொடங்கலாம்?

பதில்:
எக்ஸாஸ்ட்டை விடுங்கள் தம்பி, பிரேக்கில் தொடங்குங்கள். 3.7 கிலோமீட்டர் டிராக். ஒவ்வொரு சுற்றிலும் நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. புது டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அதை ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலும் சிக்கியிருக்கும் காற்றை எடுத்துவிடுங்கள். முன் பிரேக் பேடுகளைச் சூடு தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பின் டிரம்மைச் சுத்தம் செய்தால் போதும், பெரும்பாலான வேலை முன் டிஸ்க்குக்குத்தான்.

இன்னொரு பதில்:
மேலே பதில் சொன்ன அண்ணன் சொல்வது சரி, முதலில் பிரேக். அடுத்து நல்ல டயர். சில சுற்று ஓடியதும் டயர் காற்றழுத்தம் ஏறிவிடும், டிராக்கை விட்டு உள்ளே வந்து சூடாக இருக்கும்போதே பார்த்துக் குறையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உயரத்தைக் குறைக்கலாமா?

பதில்:
இப்போது வேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கியை வண்டியிலிருந்து எடுத்து வையுங்கள், காசில்லாமல் எடை குறையும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.