புதுப்பிப்பு: எதிர்த்தரப்புச் செய்திகளையும் படிக்கத் தொடங்கிய பிறகு

நான் ஆதரிக்கும் கட்சிக்குச் சாதகமான செய்தி அலைவரிசைகளை மட்டுமே பல ஆண்டுகளாகப் பார்த்துவந்ததை உணர்ந்து, இனி எதிர்த்தரப்பு நாளிதழ் ஒன்றையும் அன்றாடம் படிக்கப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். இரண்டு மாதங்கள் படித்தும் என் சார்பு குறையவில்லை. அதில் பிழை கண்டுபிடிப்பதில்தான் தேர்ச்சி பெற்றேன்.

இது எனக்கு மட்டும் நேர்வதன்று. 1979இல் உளவியலாளர்கள் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மரண தண்டனையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே சான்றுகளைப் படித்த பின்னர், தத்தம் நிலைப்பாட்டில் முன்னைவிட உறுதியடைந்ததாகவே கூறினர். லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனுடன் இணைந்து 1984இல் வெளியிட்ட ஆய்வோ, நடுநிலையோடு மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்வது பெரிதாகப் பயன் தராததையும், இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பீட்டைத்தான் செய்திருப்போமா என்று எண்ணிப்பார்க்கச் சொல்வது சார்பைக் குறைத்ததையும் காட்டியது.

ஆகவே, என் தரப்புத் தலைவர்மீது குற்றச்சாட்டு எழும்போது, அதே ஆதாரம் மாற்றுக்கட்சித் தலைவர்மீது வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை, விவாத நிகழ்ச்சி எதையும் பார்ப்பதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன். பழிவாங்கும் நோக்கம் என்று நான் முன்பு ஒதுக்கிய செய்தியொன்றை இவ்வாறு மீண்டும் படித்தபோது, அது எழுப்பிய கேள்வி நியாயமானதே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அது உண்மையிலேயே வலித்தது. கட்சிக்கான என் ஆதரவு மாறவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு அவர்களிடமிருந்து விடையை இப்போது நானும் எதிர்பார்க்கிறேன்.