வெற்றுக் கோது வாசலில் மாட்டுகிறது: 12 போர் செமி ஓட்டோ துவக்கு

கடற்கரை வீதி (வெள்ளவத்தை):
வணக்கம். மாமா வைத்திருந்த 12 போர் செமி ஓட்டோ, முறைப்படி லைசன்ஸை என் பெயருக்கு மாற்றி எடுத்தது. கேஸில் இயங்கும் வகை, அதாவது சுடும்போது வருகிற வாயுவில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளி, கோதை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற போல்டைப் பின்னால் அனுப்பும். பறக்கவிடுகிற கிளே தட்டு சுடுவதற்கு மட்டும்தான் பாவிக்கிறேன். 24 கிராம் தோட்டா (உள்ளே இருக்கிற குண்டுகளின் எடை அது) போட்டால் இடைக்கிடை வெற்றுக் கோது வெளியே விழாமல், அது வெளியேறுகிற வாசலில் நட்டுக்கொண்டு நிற்கிறது, போல்ட் அதைக் கடித்துப் பிடித்திருக்கிறது. விழுகிறவையும் என் வலது காலடியில்தான் விழுகின்றன. 28 கிராமில் தொல்லை குறைவு. கொக்கி தேய்ந்துவிட்டது, மாற்று என்று சுடுதளத்தில் ஒருவர் சொன்னார். அது கொழும்பில் எங்கே கிடைக்கும்?

மட்டக்குளி 12:
28இல் ஓடுகிறதென்றால் 32 போட்டு அடியுங்கள். பிரச்சினை முடிந்தது.

பழைய பெரல்:
32 போட்டால் நோய் மறையும், போகாது தம்பி. அதோடு சர்வதேசப் போட்டி விதியில் ட்ரெப், ஸ்கீட் என்ற இரண்டு வகைத் தட்டுப் போட்டிக்குமே 24 கிராம்தான். பழகுவதும் அதில்தானே பழக வேண்டும்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு: கொக்கி வாங்க ஓட வேண்டாம். கொக்கியின் வேலை கோதைப் பெரலுக்குள் இருந்து இழுப்பது. உங்கள் கோது வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போ கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது. இழுத்து வந்த கோதை வெளியே தட்டிவிடுவது எஜெக்டர், அது வேறு சாமான். கோது பெரலுக்குள்ளேயே இருந்து போல்ட் மட்டும் வெறுமனே பின்னால் வந்தால்தான் கொக்கியையோ, பெரலின் தோட்டா அறையையோ பார்க்க வேண்டும். மலிவுத் தோட்டாவில் அடிப்பகுதி பித்தளை இல்லை, இரும்புத் தகடு. அது சுட்டதும் உப்பி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கதை வேறு.

காலடியில் விழுகிறது என்றீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. போல்ட் போதிய வேகத்தில் பின்னால் போகவில்லை. எஜெக்டரில் கோது மோதுகிற வேகம் காணாது, பறக்க வேண்டியது வழுக்கி விழுகிறது.

முதலில் மகஸீனையும் (தோட்டா அடுக்குகிற குழாய்) அறையையும் கண்ணால் மட்டுமல்ல, விரல் விட்டும் பாருங்கள். ஒரு தோட்டாவும் இல்லை என்று தெரிந்த பிறகு மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றைப் போட்டு போல்டை விசுக்கென்று கையால் இழுங்கள். டம்மி துள்ளிப் பறந்தால் கொக்கியும் எஜெக்டரும் நல்லாயிருக்கின்றன, குறை கேஸ் பக்கம். அப்புறம் முன்கட்டையைக் கழற்றி, பெரலுக்குக் கீழே இருக்கும் வளையத்தின் உள்ளே பாருங்கள். கேஸ் வருகிற சின்னத் துளைகள் தெரியும். ஒன்றோ இரண்டோ இருக்கும். கரி ஏறி ஊசிக்கண் மாதிரி ஆகியிருந்தால் கரைப்பான் ஊற்றி ஊறவிட்டு, பைப் கிளீனரால் எடுங்கள். டிரில் பக்கம் போகவே வேண்டாம். துளை பெரிதானால் கனத்த தோட்டா போடும்போது போல்ட் றிசீவரின் (அது ஓடுகிற பெட்டி) பின்பக்கத்தை உடைக்கிற மாதிரி அடிக்கும்.

பிஸ்டனில் ஒயில் ஊற்றுகிற ஆளா நீங்கள்? கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் துருவுக்குப் பயந்து துவக்கைக் குளிப்பாட்டி வைப்பார்கள். அந்த ஒயில் சூட்டில் கரியோடு சேர்ந்து தாராகிவிடும். பிஸ்டன் பக்கம் துடைத்துக் காயவிடுங்கள். ஒயில் வெளி இரும்புக்கு.

கொட்டாஞ்சேனைக் குருவி:
என்னுடையது கேஸ் இல்லை, இனேர்ஷியா வகை. அதிலும் இதே வியாதி. துளையே இல்லாத துவக்கில் எதைச் சுத்தம் செய்வது?

பழைய பெரல்:
தோளில் எப்படி வைக்கிறீர்கள்? அந்த வகை துவக்கு பின்னால் உதைக்கிற உதையை வைத்துத்தான் ஓடும். தோளில் அழுத்தி வைக்காமல் தளர்வாகப் பிடித்தாலும், துவக்கில் மேலதிகமாக எடை ஏற்றினாலும் 24 கிராமில் திணறும்.

கடற்கரை வீதி:
அண்ணை, டம்மி கதவு வரைக்கும் பறந்தது. ஒரு துளை அநேகமாக அடைபட்டே கிடந்தது. மகஸீன் குழாயில் பிஸ்டனுக்கு முன்னால் ஒரு றப்பர் ஓ-ரிங், வெடித்துப் போயிருக்கிறது. பஞ்சிகாவத்தையில் வாகனக் கடையில் இதே அளவு இருக்கிறது. போடலாமா?

பழைய பெரல்:
ஆ, அதுதான்! வெடிப்பால் கேஸ் ஒழுகியிருக்கும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 என்ற கேஸ் வகைத் துவக்கு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள், பையில் மேலதிகமாக ஒரு ஓ-ரிங் இல்லாமல் சுடுதளத்துக்குப் போகமாட்டார்கள். அளவு சரியாக இருந்தாலும் சாதாரண றப்பர் சூட்டுக்குக் கனநாள் தாங்காது. வைட்டன் (சூடு தாங்குகிற றப்பர்) என்று கேட்டு வாங்குங்கள், இன்ஜின் சாமான் விற்கிற கடையில் இருக்கும். பழையதையும் கையில் கொண்டு போங்கள்.

அதைப் போட்ட பிறகும் மாட்டினால், பின்கட்டைக்குள் குழாயில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. உப்புக் காற்றுக்கு அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். அதை வீட்டில் கழற்ற வேண்டாம், பாய்ந்தால் கண் போய்விடும். அனுமதி உள்ள திருத்துநரிடம், லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மட்டக்குளி 12:
சரி, 32 வேண்டாம். ஓ-ரிங் எனக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.