ரேஷன் தக்காளி: பிள்ளையார் கோயில் தெரு குழு, சென்னை, ஜூலை 2023

மணி சார் (காலை 8:52): நம் ரேஷன் கடையிலும் தக்காளி வந்துவிட்டது. கிலோ 60 ரூபாய், ஆளுக்கு ஒரு கிலோ. நான் வாங்கியாச்சு, வேண்டியவர்கள் சீக்கிரம் போங்கள்.

கீதா: வெளியில் 100ஐத் தாண்டிவிட்டதே! இதோ கிளம்பிவிட்டேன்.

கீதா (9:40): தீர்ந்துவிட்டதாம். எனக்கு முன்னால் நின்ற ஆறு பேருக்கும் இல்லை 😐

வசந்தி அக்கா (இரவு 7:15): இப்போதுதான் பார்த்தேன். காலையில் மூன்று வீட்டு வேலை, அந்த நேரத்தில் வரிசையில் எங்கே நிற்பது? நின்றாலும் முழுக் கிலோவாகத்தான் வாங்கணுமாம், அரைக் கிலோ எடை போட மாட்டார்களாம். தள்ளுவண்டியில் விலை அதிகம்தான், ஆனால் 20 ரூபாய்க்குக் கொடுங்கண்ணே என்றால் ரெண்டு மூன்று பழம் போடுவார், அதுவும் நான் வீடு திரும்புகிற நேரத்துக்கு.

மணி சார்: இது எனக்குத் தோன்றவே இல்லையம்மா. நாங்கள் ரெண்டே பேர், வாங்கியதில் முக்கால்வாசி ஃபிரிட்ஜில் கிடக்கிறது. பேசாமல் என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு நிறுத்திவிட்டு ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

பாஸ்கர்: அங்கேதான் சிக்கல் சார். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் கொடுத்தது, அதனால்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அரிசி வருகிறது. எங்கள் அட்டையில் ‘முன்னுரிமையற்றவர்’ வகைதான் போட்டிருக்கிறது, அதாவது ஏழைகள் கணக்கில் நாங்கள் இல்லை. அப்பா போன பிறகு வீடு எப்படி ஓடுகிறது என்று இந்தத் தெருவுக்கே தெரியும், அட்டைக்குத் தெரியுமா?

கீதா: சரி, எல்லோருக்கும் என்றே இருக்கட்டும். ஆனால் கடைக்கு வருவது 50, 100 கிலோ, அட்டையோ எக்கச்சக்கம். பொங்கல் பரிசுக்கு வீடு வீடாக டோக்கன் தருகிறார்களே, இன்ன தேதி, இன்ன நேரம் என்று, அந்த மாதிரி முறை வைத்துக் கொடுக்கலாமே.

வசந்தி அக்கா: டோக்கனில் காலை 10 மணி என்று போட்டால் மறுபடியும் நான் எங்கே போவேன் கீதா? வருகிற பெட்டியில் பாதியை சாயங்காலத்துக்கு எடுத்துவைக்கட்டும், அரைக் கிலோவும் போடட்டும். அப்புறம் டோக்கன் எல்லாம் பார்க்கலாம்.

அன்வர் பாய்: பின் சந்தில் கட்டட வேலைக்கு வந்த பீகார் பசங்களை யாரும் யோசிக்கவில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டையில் அவர்களுக்கு அரிசி, கோதுமைதான். நம் கடையில் தக்காளிக்கும் இந்த ஊர் அட்டையைக் கேட்கிறார்கள்.

பாஸ்கர்: இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதிக் கொடுக்கலாம், அதையும் அதில் சேர்க்கணும் பாய். சார், உங்களுக்குத்தான் எழுதத் தெரியும்.

மணி சார்: நாளைக்கே எழுதிவிடுகிறேன். கூட்டுறவுத் துறைக்கு ஒன்று, கடையில் ஒன்று.

வசந்தி அக்கா: எழுதுங்கள் சார். சாயங்காலம் என்றால் எத்தனை மணி என்பதை மட்டும் என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.